நிக்கல் தொட்டியும் மூக்கு மேஸ்திரியும்

என் அக்கா புருஷனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்றால் என்னால் இரண்டுதான் சொல்ல முடியும். குடிக்க மாட்டார். கை நீட்ட மாட்டார். அதற்கு மேல் வேண்டுமென்றால் பட்டறையில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவதற்கு ஆட்கள் இருந்தார்கள். நானும் அங்கேதான் இருபது வருஷமாக வேலை பார்க்கிறேன், ஆனால் எனக்கு ஆட வரவில்லை.

முலாம் பூசுகிற பட்டறை அது. குழாய், கதவுக் கைப்பிடி, பூட்டு, சாவி, கத்தரிக்கோல், பெல்ட்டுக் கொக்கி, கண்ணாடிச் சட்டம் என்று எது வந்தாலும் பாலிஷ் போட்டு, எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, ஆசிட்டில் முக்கி எடுத்து, நிக்கல் தொட்டியில் தொங்க விடுவோம். தொட்டியில் வெதுவெதுப்பான பச்சைத் தண்ணீர். அடியிலிருந்து காற்று குமிழ் விட்டுக்கொண்டே இருக்கும். கரண்ட் ஓட ஓட நிக்கல் போய் ஒட்டிக்கொள்ளும். அரை மணி நேரத்தில், அழுது வடிந்துகொண்டிருந்த சாமான் முகம் கழுவி வந்ததுபோல் வெளியே வரும். இனி துரு அண்டாது, கீறல் சீக்கிரம் விழாது. வீட்டுக்கு யார் வந்தாலும் மாமா இதைச் சொல்லாமல் விட மாட்டார்.

“காலையில குழாயத் தொறக்கறீங்களே, அது எங்க கை. கதவத் தொடறீங்களே, அதுவும் எங்க கை. ஆஸ்பத்திரியில கத்தரிக்கோல் எடுக்கறானே, அதுவும் எங்க கைதான். நிக்கல் இல்லேன்னா இந்த ஊரே துருப்பிடிச்சுப் போயிடும், தெரிஞ்சுக்கோங்க.”

வந்தவர் தெரிந்துகொண்டு சீக்கிரம் கிளம்பிவிடுவார்.

பத்தொன்பது வயதில் ஆசிட் கேன் தூக்குகிறவராக உள்ளே வந்தவர். பத்து வருஷம் யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு ஒரு நாள், யாரோ ஆசிட் வாளியைக் கொண்டுபோய் சயனைடு கலந்த தொட்டி பக்கத்தில் கொட்டிவிட்டார்கள். அந்த இரண்டும் சேர்ந்தால் மனிதனை நின்ற இடத்திலேயே சாய்த்துவிடும் புகை கிளம்பும். யாருக்கும் தெரியவில்லை. இவர் மட்டும் பட்டறையின் அடுத்த மூலையிலிருந்து மோப்பம் பிடித்து, “கசந்த பாதாம் மாதிரி வருது, எல்லாரும் வெளிய ஓடுங்க!” என்று கத்தியிருக்கிறார். கத்தியதோடு நிற்காமல், பாலிஷ் மிஷின் சத்தத்தில் காது கேட்காமல் இருந்த இரண்டு பேரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறார். பன்னிரண்டு பேர் அன்று பிழைத்தார்கள். அதை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு வயிறு எரிந்தாலும் பொய் சொல்லத் தெரியாது.

அடுத்த வாரமே முதலாளி அவரை மேஸ்திரி ஆக்கினார். கூடவே ஒரு வழக்கமும் ஆரம்பித்தது. காலையில் ஷிப்ட் தொடங்குவதற்கு முன்னால் நாங்கள் எல்லோரும் கொக்கிகளில் சாமானை மாட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்க வேண்டும். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு தொட்டியாக வருவார். குனிவார். கண்ணை மூடி இழுப்பார். நிமிர்ந்து, “ம், ஏத்து” என்பார். அவர் சொன்ன பிறகுதான் சாமான் தொட்டியில் இறங்கும். தொட்டி ஓரத்தில் ஆவியை இழுக்கிற நீளமான வாய் ஒன்று உண்டு. அதற்குப் பின்னால் தகரக் குழாய், குழாய் முடிவில் கூரை மேல் ஃபேன். அது சரியாக இழுக்கிறதா என்று பார்ப்பதற்கும் வேறு எந்தக் கருவியும் கிடையாது. அவர் மூக்குதான். “நம்ம மேஸ்திரி மூக்கு இருக்கும்போது மீட்டர் எதுக்கு?” என்று முதலாளியே பெருமையடித்துக்கொள்வார்.

மூக்குக்கு இவ்வளவு மரியாதை கிடைத்தால் மனுஷன் சும்மா இருப்பாரா? கை கழுவினோமா என்று எங்கள் உள்ளங்கையை மோந்து பார்ப்பார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களைப் பக்கத்தில் நிற்க வைத்து இழுத்துப் பார்த்து, “சோம்பேறி வாசன அடிக்குது” என்பார். என்னைப் பெண் கேட்டு ஒருவர் வந்தார். பஸ் ஓட்டுகிறவர், சிரித்தால் நன்றாக இருப்பார். இவர் அவரிடம் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசிவிட்டு உள்ளே வந்து, “நேர்மையோட வாசன வரல” என்று முடித்துவிட்டார். அக்காவும் தலையாட்டினாள். அந்த ஆள் இன்று மூன்று பிள்ளைகளோடு ஒரு கெட்ட பெயர் இல்லாமல் இருக்கிறார். நான் அக்கா வீட்டின் பின்னறையில் இருக்கிறேன்.

என் கை கெட்டதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாவது வருஷம் விரல் இடுக்கில் முதலில் அரிப்பு. பிறகு சின்னச் சின்னக் கொப்புளம். பிறகு தோல் வெடித்து, உப்பைத் தொட்டால் உயிர் போகும். மாமாவிடம் காட்டினேன்.

“கை பழகுதும்மா. எல்லாருக்கும் மொதல்ல இப்படித்தான். ரெண்டு மாசத்துல தோல் தடிச்சுடும்.”

பட்டறையில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். அரிப்பு வந்தால்தான் கை தேறுகிறது என்று அர்த்தம். சிலருக்கு உண்மையாகவே அடங்கியும் போனது. எனக்கு அடங்கவில்லை. கையைத் தாண்டிக் காதுக்கு வந்தது, தோடு போட்ட இடம் புண்ணானது. வாட்ச் கட்டிய இடம் வட்டமாகச் சிவந்தது. பாவாடைக்குப் பதில் பேன்ட் போட்டால் பித்தான் பட்ட வயிற்றில் அரிப்பு.

தோல் டாக்டரம்மா என் முதுகில் என்னென்னவோ ஒட்டி இரண்டு நாள் கழித்து உரித்துப் பார்த்தார். நிக்கல் ஒட்டிய இடம் மட்டும் தடித்துப் போயிருந்தது. வியர்வை பட்டால் நிக்கல் கரைந்து தோலுக்குள் போகுமாம். ஒரு தரம் உடம்பு அதை விரோதி என்று முடிவு கட்டிவிட்டால் ஆயுசுக்கும் மறக்காதாம். சாவிக்கொத்து, ஊக்கு, காசு, எது பட்டாலும் சண்டைதானாம். பட்டறையை விட்டுவிடு என்றார். விட்டால் எங்கே போவது என்று கேட்டேன், அதற்கு அவரிடம் மருந்து இல்லை. “உடம்புக்கு இரும்பு வேணுங்கறாங்க, துத்தநாகம் வேணுங்கறாங்க, இதுவும் கொஞ்சம் வேணுமோ என்னவோ?” என்று கேட்டேன். டாக்டரம்மா சிரித்தார்.

“செடிகொடிக்கு வேணும். வயித்துல இருக்கற ஒரு கிருமிக்குக்கூட வேணும். மனுஷனுக்கு இதனால என்ன பிரயோஜனம்னு இதுவரைக்கும் யாரும் கண்டுபிடிக்கல.”

யாரைப் பற்றிச் சொல்கிறார் என்று ஒரு நிமிஷம் குழம்பிப் போனேன். எங்கள் வீட்டிலும் அப்படி ஒருத்தர் இருக்கிறார்.

டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்த பிறகு மாமா என்னைத் தொட்டிப் பக்கத்திலிருந்து எடுத்து, கதவோரம் இருக்கும் மேசைக்கு மாற்றினார். முடிந்து வந்த சாமானைத் துணிக் கையுறை போட்டுக் காகிதத்தில் சுற்றும் வேலை. பட்டறையில் காற்று வருகிற ஒரே இடம். மற்றவர்களுக்கு அது கிடைக்காது. மேஸ்திரியின் கொழுந்தியாளுக்குக் கிடைத்தது.

இனி அந்த மூக்கின் கதைக்கு வருகிறேன். வருஷக்கணக்கில் தொட்டிக்குள் தலையை விட்டு இழுத்தால் மூக்கு என்ன ஆகும்? முதலில் எந்நேரமும் சளி. பிறகு காலையில் கைக்குட்டையில் ரத்தப் பொருக்கு. பிறகு ஒன்றுமே இல்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், அக்கா பாலை அடுப்பில் வைத்துவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போயிருக்கிறாள். இறங்கி வந்து பார்த்தால் பால் வற்றி, பாத்திரம் கருகி, மூன்று வீடு தள்ளி இருப்பவர்கள்கூட எட்டிப் பார்க்கிறார்கள். இவர் அடுப்புக்கு நாலடி தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.

அக்கா அன்றே கண்டுபிடித்துவிட்டாள். வெங்காயத்தை மூக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்திருக்கிறாள், மண்ணெண்ணெயைக் காட்டியிருக்கிறாள். அவர் அழுதாராம். மறுநாள் பின்னறைக் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் சொன்னாள்.

“வெளிய மூச்சு விடாதடி. அவர் மானமே அந்த மூக்குலதான் இருக்கு. தெரிஞ்சா மேஸ்திரி வேலையும் போயிடும், நம்ம எல்லாருக்கும் சேத்துத்தான் போகும்.”

நானும் விடவில்லை. மறுநாள் காலை இவர் வழக்கம்போல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். குனிந்தார். கண்ணை மூடி இழுத்தார். “ம், ஏத்து” என்றார். ஏழு வருஷம் அந்த நாடகத்தை நான் என் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு என்றுதான் சொல்ல வேண்டும். என் வாழ்க்கையை மோந்து பார்த்துக் கெடுத்தவரின் குடுமி என் கையில் இருந்தது. அதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது.

இப்போது அக்கா மகள். ஒரே பெண், இருபத்தொரு வயது. வீட்டில் எல்லோரையும் விட எனக்குத்தான் அவள் செல்லம், அவளுக்கும் சித்தி என்றால் உயிர். பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் ஓடியவள். படிப்பு முடிந்து வேலை தேடி அலுத்துப் போனபோது மாமாவே அவளைப் பட்டறைக்குக் கூட்டி வந்தார். வேறு இடமா இல்லை? நேராகக் கொண்டுபோய் நிக்கல் தொட்டியில் நிறுத்தினார்.

“அங்க வேண்டாம் மாமா, என் கையப் பாத்தீங்கல்ல?” என்றேன்.

“அது உன் ஒடம்பு வாகு. எம் பொண்ணுக்கு கையுற போட்டுக் குடுக்கறேன். என் மூக்கு இருக்கும்போது அவளுக்கு என்ன பயம்?”

என் முகத்தைப் பார்த்தே இதைச் சொன்னார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. அக்கா சொல்லவில்லை போலிருக்கிறது. நானும் சொல்லவில்லை.

மூன்று மாதத்தில் அவளுக்குத் தும்மல் ஆரம்பித்தது. ஐந்தாவது மாதத்தில் வேலை முடிந்து வீட்டுப் படி ஏறும்போது பாதியில் நின்றாள். நெஞ்சுக்குள் விசில் ஊதுவது எனக்கே கேட்டது. லீவு நாளில் நன்றாக இருப்பாள், வேலைக்குப் போன அன்று சாயங்காலம் திரும்பவும் வரும். டாக்டர் இன்ஹேலர் கொடுத்து, வேலை செய்யும் இடத்தில் ஆவி சரியாக வெளியே போகிறதா என்று பார்க்கச் சொல்லிக் கடிதமும் கொடுத்தார். அவள் அதை முதலாளியிடமே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

முதலாளி மோசமானவர் இல்லை. கடிதத்தைப் படித்துவிட்டு உடனே தொட்டிக்கு வந்தார். “என்ன மேஸ்திரி, ஃபேன் இழுக்குதா இல்லையா? பாத்துச் சொல்லுங்க.”

எல்லோரும் சுற்றி நின்றோம். நான் இரண்டு எட்டு தள்ளி நின்றேன். இவர் தொட்டி ஓரத்தில் குனிந்தார். ஒரு தரம் இழுத்தார், இன்னொரு தரம் இழுத்தார். பெற்ற பெண் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

“சுத்தமா இழுக்குது, ஒரு குத்தமும் இல்ல. பொண்ணுக்குத்தான் ஒடம்பு வீக்கு, சரியாச் சாப்பிடறதில்ல.”

அப்போது என் தொண்டை வரைக்கும் வந்தது. ஒரு வார்த்தை, ‘இவருக்கு வாசனையே தெரியாது’ என்று. என் மேசை ஞாபகம் வந்தது. கதவோரக் காற்று ஞாபகம் வந்தது. இவர் போனால் புது மேஸ்திரி முதல் வேலையாக என்னை எங்கே அனுப்புவான் என்றும் தோன்றியது. விழுங்கிவிட்டேன். முதலாளி கடிதத்தை மடித்து டிராயரில் வைத்தார்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அவளிடம், “வேற வேல பாருடி, இது உனக்கு ஒத்துக்கல” என்றேன்.

“அப்பாவே மோந்து பாத்துட்டாரே சித்தி. கோளாறு என் ஒடம்புலதான். போகப் போகப் பழகிடும்.”

அவள் நன்றாகச் சாப்பிட ஆரம்பித்தாள். காலையில் மூச்சுப் பயிற்சி செய்தாள். இன்ஹேலரை மறைத்து மறைத்து இழுத்தாள், அப்பாவுக்கு அவமானமாக இருக்கக்கூடாதாம். இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, “ம், ஏத்து” என்று அவர் சொல்லி அரை மணி ஆகியிருக்காது, கொக்கியோடு அப்படியே தொட்டி ஓரத்தில் சரிந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. நானும் பாலிஷ்காரரும்தான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம்.

பிழைத்தாள். ஆனால் ஆஸ்பத்திரி டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். நிக்கல் ஆவி நுரையீரலில் பகை பிடித்துவிட்டது, இனி அந்தக் கட்டடத்துக்குள்ளேயே அவள் கால் வைக்கக்கூடாது, வெளியே இருந்தாலும் மூச்சிரைப்பு அவளைச் சுலபத்தில் விடாது. இரண்டு மாதத்துக்கு முன்பே விலகியிருந்தால் முழுசாகச் சரியாகியிருக்க வாய்ப்பு உண்டு என்றும் சொன்னார். பிறகு கேட்டார், “அங்க ஆவி வெளிய போகுதான்னு எப்படிப் பாக்கறீங்க?”

“மேஸ்திரி மோந்து பாப்பார்.”

அவர் எழுதுவதை நிறுத்தினார். “நிக்கல் ஆவிக்கு வாசனையே கிடையாதேம்மா. எப்பேர்ப்பட்ட மூக்கு இருந்தாலும் தெரியாது. ஒரு மெல்லிசுக் காகிதத்த ஆவிய இழுக்கற வாய்க்கிட்ட பிடிச்சா போதுமே. இழுத்தா ஒட்டிக்கும், இழுக்கலேன்னா கீழ விழும்.”

ஆக, மூக்கு உயிரோடு இருந்த காலத்திலும் அந்த வழக்கம் வெறும் கூத்துதான். சயனைடைக் கண்டுபிடித்த மூக்கு எல்லாவற்றையும் கண்டுபிடிக்கும் என்று இத்தனை பேர் கொக்கியைப் பிடித்துக்கொண்டு காலையில் காத்து நின்றிருக்கிறோம். எனக்கு வந்த ஆத்திரத்தில் ராத்திரி முழுவதும் ஒரே நினைப்பாக இருந்தேன்.

மறுநாள் காலை எல்லோரும் வரிசையில் நின்றபோது, சாமான் சுற்றுகிற மெல்லிசுக் காகிதம் ஒன்றை எடுத்துக்கொண்டு நேராக நிக்கல் தொட்டிக்குப் போனேன். மாமா அப்போதுதான் குனியப் போனார். முதலாளியும் இருந்தார். காகிதத்தை அந்த வாயில் வைத்துக் கையை எடுத்தேன். அது ஆடி ஆடி இறங்கிப் பச்சைத் தண்ணீரில் விழுந்தது. இன்னொன்று வைத்தேன், அதுவும் விழுந்தது. பாலிஷ்காரர் ஏணி போட்டுக் கூரைக்கு ஏறிப் பார்த்துவிட்டுக் கத்தினார்: “குழாய் கழண்டு தனியாத் தொங்குது முதலாளி! ஃபேன் சும்மா ஆகாசத்த இழுத்துட்டு இருக்கு!”

அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. துடைக்கிற துணியை மண்ணெண்ணெயில் நனைத்து அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். “கண்ண மூடிட்டுச் சொல்லுங்க மாமா. இது என்ன?”

கண்ணை மூடினார். பழக்க தோஷம், மூடிவிட்டார். பட்டறை முழுவதும் நாறுகிறது. இழுத்தார்.

“தண்ணி,” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் கண்ணைத் திறந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். முதலாளி மெயின் சுவிட்சை அணைத்தார். தொட்டியில் குமிழ் நின்றது. மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போனார். எத்தனையோ வருஷமாக நான் பார்க்க ஆசைப்பட்ட காட்சி அது. மனசு குளிர்ந்துபோனது, மறைப்பானேன்.

அந்தச் சூட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தா பெஞ்சில் மாமா உட்கார்ந்திருந்தார். உள்ளே போக முகம் இல்லை. அவரைத் தாண்டிக்கொண்டு போய் அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்தது. நடந்ததை எல்லாம் சொன்னேன்.

“உங்கப்பாவுக்கு மூக்கு செத்து ஏழு வருஷமாச்சுடி. உன் பக்கத்துல நின்னு மோந்து பாத்தாரே, அன்னிக்கு அவருக்கு ஒண்ணுமே தெரியல. பெத்த பொண்ணுன்னுகூடப் பாக்கல அந்த ஆளு.”

அவள் என் பக்கம் தலையைத் திருப்பினாள். பேச மூச்சு சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

“ஏழு வருஷம்னு உனக்கு யார் சொன்னா?”

“உங்கம்மாதான்.”

“எப்ப?”

பொய் சொல்லத் தெரியாது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேனே. “அப்பவே,” என்றேன்.

“அன்னிக்கு நீயும் அங்கதான நின்ன சித்தி?”

“ஆமா.”

போர்வையின் மேல் கிடந்த என் கையிலிருந்து தன் கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

“அப்பா வந்திருக்காரா?”

“வெளிய உக்காந்திருக்கார்.”

“அவர வரச் சொல்லு. நீ வீட்டுக்குப் போ.”

நான் எழுந்து வெளியே வந்தேன். அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். வேறு யாரும் இல்லை, நான்தான் சொல்லியாக வேண்டும்.

“மாமா, உங்களத்தான் கூப்பிடறா,” என்றேன்.